கைநகக் கோளாறு: பூசும் முன் பார்க்க வேண்டியதும், பார்த்த பின் செய்ய வேண்டியதும்

தோல் நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்த காலத்தில், நகத்துக்காக வருகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "சிஸ்டர், எல்லாம் பூசிப் பார்த்துவிட்டேன்." என்ன பூசினீர்கள் என்று கேட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த டியூப், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இன்னொரு டியூப் என்று பட்டியல் நீளும். எந்த விரலில் தொடங்கியது, அடியிலா நுனியிலா என்று கேட்டால் பதில் வராது.

கீழே உள்ள முதல் நான்கு படிகளில் மருந்தே கிடையாது. அவற்றைத் தாண்டி நேராக ஐந்தாவதற்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். நகத்தில் ஏமாறுகிறவர்களில் பாதிப்பேர் ஏமாறுவது அங்கேதான்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

மில்லிமீட்டர் குறியுள்ள ஸ்கேல், ஜன்னலோர வெளிச்சம், படம் எடுக்கக் கைப்பேசி, தேதி எழுத ஒரு தாள். பிறகு உங்களுக்கு மட்டுமேயான ஒரு நகவெட்டி, கொஞ்சம் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய். இவ்வளவு போதும்.

நகப்பூச்சு இருந்தால் பத்து விரலிலும் துடைத்துவிடுங்கள். கோளாறுள்ள விரலில் மட்டும் துடைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. மற்ற ஒன்பதும் நன்றாக இருக்கின்றனவா என்பதே பாதி விடை என்பதால், அப்படி வந்தால் மீண்டும் துடைக்க வேண்டியிருக்கும். மருதாணிச் சிவப்பைத் துடைக்க முடியாது. அது வளர்ந்துதான் போகும். மருதாணி வைத்திருக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டால் போதும்.

பத்து விரலையும் ஒரே படத்தில் எடுங்கள். கோளாறுள்ள நகத்தைக் கிட்டத்தில் தனியாக, ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். இந்தப் படம் இல்லாமல் "குறைந்திருக்கிறதா" என்ற கேள்விக்கு ஒரு மாதம் கழித்து யாராலும் பதில் சொல்ல முடியாது.

2. அடியிலிருந்து நுனிக்குப் படியுங்கள்

நகம் அடியில் உருவாகி நுனியை நோக்கி நகர்கிறது. கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். ஒரு நகம் முழுதாக மாற ஆறு மாதம் பிடிக்கும். கால்நகத்துக்கு ஓராண்டு, சில சமயம் ஒன்றரை ஆண்டு.

நம்பிக்கை வராதவர்களுக்குத் தேர்தல் மையை நினைவுபடுத்துவேன். இடது ஆள்காட்டி விரலில் வைத்த மை தோலிலிருந்து சில வாரங்களில் போய்விடும். நகத்தில் இருப்பது போகாது. அதற்கும் அடித்தோலுக்கும், அதாவது நகம் முளைத்து வெளிவரும் இடத்தில் உள்ள தோலுக்கும், நடுவே வெள்ளையாக ஓர் இடைவெளி திறந்து, வாரத்துக்கு வாரம் அகன்றுகொண்டே வரும். அந்த இடைவெளிதான் புது நகம்.

நீங்கள் பார்க்கும் நகத்தட்டு உயிரற்றது. நுனியில் இருக்கும் கோளாறு மாதங்களுக்கு முந்தையது. மருந்து வேலை செய்கிறதா என்று நுனியைப் பார்த்துத் தீர்மானிக்கிறவர்கள் மூன்றாவது வாரமே மனம் தளர்ந்து மருந்தை மாற்றுகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் அடிதான். அங்கே நல்ல நகம் முளைத்து வந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று பொருள்.

நகத்தின் குறுக்கே பள்ளமாக ஒரு கோடு இருந்தால் அதை அளந்து பாருங்கள். அடித்தோலிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன் நகம் வளர்வது தடைப்பட்டிருக்கிறது. தோலுக்குள் மறைந்திருக்கும் பகுதியையும் சேர்த்தால் இன்னும் சற்று முன்னதாகவே. பத்து விரலிலும் ஒரே தொலைவில் பள்ளம் இருந்து, அந்த நாட்களில் கடும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அதற்கு மருந்து தேவையில்லை, வளர்ந்து போய்விடும். குழந்தைகளுக்குக் கை, கால், வாயில் கொப்புளம் போடும் காய்ச்சல் வந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து நகம் அடியிலிருந்தே கழன்று விழுவதும் இதே கதைதான். பெற்றோர் அலறியடித்து வருவார்கள். அடியில் புது நகம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும்.

3. எத்தனை விரல் என்று எண்ணுங்கள்

ஒரே ஒரு நகம் என்றால் அடிபட்டதா, பூஞ்சையா, அந்த விரலில் மட்டும் ஏதாவது வளர்கிறதா என்று யோசிக்க வேண்டும். பத்து நகமும் ஒரே மாதிரி என்றால் காரணம் பெரும்பாலும் உடலுக்குள் இருக்கும், அல்லது கை செய்யும் வேலையில் இருக்கும். பத்து விரலிலும் ஒரே சீராகப் பூஞ்சை வருவது அரிது.

இரண்டு கட்டைவிரல் நகங்களின் நடுவில் மட்டும் படிக்கட்டு போல வரிவரியாக இருந்தால், அந்த ஆள் பேசும்போது கையைக் கவனியுங்கள். ஆள்காட்டி விரல் நகத்தால் கட்டைவிரலின் அடித்தோலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார். அது அவருக்கே தெரியாது. கட்டைவிரலின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி வைத்தால், பழக்கம் கைவிட்டுப் போவதைப் பொறுத்து நகம் நேராகும்.

4. வீட்டில் தொடக்கூடாதவற்றை விலக்குங்கள்

இந்தப் படி சிகிச்சைக்கு முன்னால் இருப்பதற்குக் காரணம் உண்டு. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை, டாக்டரிடம் போங்கள்.

ஒரே நகத்தில் அடியிலிருந்து நுனிவரை கறுப்பு அல்லது பழுப்புப் பட்டை, அது நாளடைவில் அகலமாகிறது, அல்லது நிறம் நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் பரவியிருக்கிறது. இது தோல் புற்றுநோயாக இருக்கலாம். மாநிறமும் கறுப்பும் உள்ள நம் தோலில் பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது சாதாரணம்தான். ஆனால் ஒன்று மட்டும் தனித்து, புதிதாக, அகன்று வந்தால் காத்திருக்கக் கூடாது. கதவிடுக்கில் நசுங்கிய இரத்தக்கட்டை இதிலிருந்து பிரித்தறிய ஸ்கேல் உதவும். இரத்தக்கட்டு நகத்தோடு முன்னோக்கி நகரும், அதன் அடியில் சுத்தமான நகம் தெரியும். பட்டை நகராது.

விரல்நுனிச் சதை கல்லைப் போல இறுகி, விண்விண்ணென்று தெறித்துத் தூங்கவிடாமல் செய்வது. கை மேல் நோக்கிச் சிவப்புக் கோடு ஏறுவது. காய்ச்சல். இவை அன்றைக்கே போக வேண்டியவை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விரலில் எந்தச் சீழும் அன்றைக்கே.

அடுத்தது, விரல்நுனி உருண்டு நகம் கிளிமூக்கு போல வளைவது. இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டிப் பிடியுங்கள். நகங்களின் அடியில் சின்ன வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும். அது மூடிக்கிடந்தால் நுரையீரலையும் இதயத்தையும் பரிசோதிக்கச் சொல்லுவார்கள். சில குடும்பங்களில் பிறவியிலேயே இப்படி இருப்பதுண்டு என்றாலும் அதை டாக்டர் சொல்லட்டும்.

5. நகச்சுற்று: முதல் இரண்டு நாள்

நகத்தின் ஓரத்தில் கிளம்பிய தோலைப் பல்லால் கடித்து இழுத்திருப்பீர்கள், அல்லது அழகு நிலையத்தில் அடித்தோலை வெட்டியிருப்பார்கள். அந்த வழியாகக் கிருமி நுழைந்து மறுநாள் ஓரம் சிவந்து வீங்கும்.

பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் விரலை 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். நாளுக்கு மூன்று, நான்கு முறை. ஒவ்வொரு முறையும் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஊறவைப்பதைச் செய்கிறவர்கள் உலர்த்துவதை விட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு கட்டுப் போட்டால் தோல் ஊறிப்போய் அடுத்த கிருமிக்கும் வழி விடும்.

எலுமிச்சம்பழத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பழத்தில் துளையிட்டு விரலில் தொப்பி போலச் செருகிக்கொண்டு வருகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்த்திருக்கிறேன். ஒரு கொத்தனார் மூன்று நாள் கழற்றவே இல்லை. கழற்றியபோது தோல் வெளுத்து, சுருங்கி, துணி துவைத்த கைபோல இருந்தது. அதற்குக் கீழே சீழ் நகத்தடிக்குப் போய்விட்டிருந்தது. குளிர்ச்சி வலியைக் கொஞ்சம் மறக்கடிக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொப்பிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது, ஈரம் காயாது, புண்ணில் புளிப்பு எரியும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுப்பதும் உண்டு.

இரண்டு நாளில் வாடவில்லை என்றாலோ, மஞ்சளாகச் சீழ் கட்டினாலோ டாக்டரிடம் போய்த் திறந்துகொள்ளுங்கள். சீழ் கட்டிய பிறகு மாத்திரை மட்டும் போதாது, அது வெளியேற வேண்டும். நீங்களே குண்டூசியால் குத்தாதீர்கள். கிருமியை ஆழத்துக்கு அனுப்புவீர்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அது சீழாகவே இல்லாமல் இருக்கலாம். முதலில் எரிச்சலும் குறுகுறுப்பும் இருந்து, பிறகு சின்னச்சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினால் அது அக்கி வகையைச் சேர்ந்த வைரஸ். அதைக் கீறவே கூடாது.

6. மாதக்கணக்கில் ஆறாத நகச்சுற்று

இதில்தான் அதிகம் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள். நோய் ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் மேலே சொன்னதும் இதுவும் வேறு.

இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். விடியற்காலையில் மாவு, பிறகு பாத்திரம், பிறகு காய்கறி, மீண்டும் பாத்திரம். வலது கையில் மூன்று விரல்களின் ஓரம் தடித்து, மங்கிய சிவப்பாக இருந்தது. வலி பெரிதாக இல்லை. நகத்தையும் அடித்தோலையும் ஒட்டி மூடும் மெல்லிய தோல் விளிம்பு, அழகு நிலையங்களில் கியூட்டிகிள் என்பார்களே, அது மூன்று விரலிலும் காணாமல் போயிருந்தது. ஒரு தாள் முனையைச் செருகலாம் போன்ற இடுக்கு. ஒவ்வொரு முறை கை நனையும்போதும் சோப்புத் தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கும். நகமோ குறுக்கே அலை அலையாக வளர்ந்திருந்தது. எட்டு மாதத்தில் நான்கு பூஞ்சை மருந்துகள் பூசியிருந்தார்.

ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் நகச்சுற்றில் மூல காரணம் பெரும்பாலும் ஈரமும் சோப்பும் தோலை எரிச்சலூட்டி உண்டாக்கும் அழற்சி. பூஞ்சை பிறகு வந்து தங்கும் விருந்தாளி. விருந்தாளியை விரட்டினாலும் கதவு திறந்தே இருக்கிறது. அழற்சிக்கு டாக்டர் சில வாரத்துக்கு ஒரு களிம்பு எழுதுவார். அதோடு கதவையும் மூட வேண்டும்:

தண்ணீர் வேலைக்கு ரப்பர் கையுறை, அதற்குள்ளே மெல்லிய பருத்திக் கையுறை. ரப்பர் மட்டும் போட்டால் வியர்வையே உள்ளே தேங்கி அதே ஈரத்தை உண்டாக்கும், அதனால்தான் பருத்தி. ஈரமான பருத்தியை உடனே மாற்றுங்கள், மூன்று ஜோடி வாங்கி வையுங்கள். ஒவ்வொரு முறை கை கழுவிய பிறகும் துடைத்து, நகத்தைச் சுற்றி வாசலின். தக்காளி, எலுமிச்சை, பச்சை மிளகாய் நறுக்கும்போதும் கையுறை. மூடும் தோல் மீண்டும் ஒட்டும்வரை இதை விடக்கூடாது. அதற்கு இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம். வீக்கம் வாடிய இரண்டாவது வாரமே கையுறையைத் தூக்கிப் போடுவதுதான் வழக்கமான தவறு.

கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள், அதாவது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் ஒரே டியூபில் இருப்பவை, வேண்டாம். நாலு நாளில் சிவப்பு குறையும், நிறுத்தினால் திரும்பும். இதற்கிடையில் நோயின் முகமே மாறிப்போய் டாக்டருக்கும் அடையாளம் தெரியாது.

7. ஏடு ஏடாகப் பிரிந்து உடையும் நகம்

நகம் நனையும்போது ஊதும், காயும்போது சுருங்கும். ஒரு நாளில் இருபது முறை இது நடந்தால் நுனி ஏடுகளாகப் பிரியும். ஆகவே சிகிச்சை முந்தைய படியில் உள்ள அதே கையுறையும் அதே வாசலினும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதும் நல்லதே. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

கால்சியம் மாத்திரை நகத்தை உறுதியாக்கும் என்பது தவறான எண்ணம். நகம் கெரட்டின் என்ற புரதம், அதில் கால்சியம் மிகச் சொற்பம். பயோட்டின் மாத்திரை சிலருக்கு உதவுவதாகச் சின்ன ஆய்வுகள் உண்டு. ஆனால் அதைச் சாப்பிடுகிறவர்கள் தைராய்டு இரத்தப் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பயோட்டின் அந்தப் பரிசோதனையின் எண்களைத் தவறாகக் காட்டிவிடும்.

பத்து நகமும் உடைந்து, அசதியும் முடி உதிர்தலும் சேர்ந்திருந்தால் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பாருங்கள். நகம் கரண்டி போலக் குழிந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விடுங்கள். வழியாமல் நின்றால் இரத்தசோகையை நினைக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு இப்படி இருப்பது பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

8. சொத்தை நகம்: மருந்துக்கு முன் மாதிரி

நகம் மஞ்சளித்து, தடித்து, அதன் கீழ்ப்புறத்தில் மாவு போல உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். சோரியாசிஸ் என்ற தோல் நோயும் இதே வேடத்தில் வரும். மற்ற நகங்களில் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச்சின்னக் குழிகள் உண்டா, முழங்கையிலும் தலையிலும் செதில் உண்டா என்று பாருங்கள். பாதங்களையும் பாருங்கள். கைநகப் பூஞ்சை பல சமயம் கால்விரல் இடுக்கிலிருந்து ஏறி வந்ததாக இருக்கும்.

பூஞ்சைதான் என்று உறுதி செய்ய நகத்துண்டையும் அதற்குக் கீழே உள்ள தூளையும் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். மருந்து பூசிக்கொண்டே போய்க் கொடுத்தால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். ஆகவே முதலில் மாதிரி, பிறகு மருந்து. ஏற்கெனவே பூசியிருந்தால் எத்தனை நாள் நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று கேளுங்கள். அன்று காலை நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு பளிச்சென்று வராதீர்கள். எடுக்க ஒன்றும் இருக்காது.

டாக்டர் மாத்திரை எழுதினால் கைநகத்துக்குப் பெரும்பாலும் 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். கல்லீரல் நலமா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள், வேறு மாத்திரைகள் சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். மாத்திரை முடிந்த அன்று நகம் இன்னும் அசிங்கமாகத்தான் இருக்கும். இரண்டாவது படியை மீண்டும் படியுங்கள்.

9. தூக்கிக்கொண்ட நகம்

நகம் நுனியிலிருந்து சதையை விட்டுப் பிரிந்து வெள்ளையாகத் தெரியும். அடிபட்டதாலும், நீள நகத்தை நெம்புகோலாகப் பயன்படுத்துவதாலும், சோப்பாலும், தைராய்டு அதிகமாகச் சுரப்பதாலும் வரும். டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வெயிலில் அலைகிறவர்களுக்கும் வரும்.

பிரிந்த பகுதியை வலிக்காத அளவுக்கு வெட்டிவிடுங்கள், உலர்வாக வையுங்கள். அடியில் அழுக்குச் சேர்கிறதே என்று குச்சியால் சுரண்டுவதுதான் நோயை நீட்டிக்கிறது. ஒவ்வொரு சுரண்டலும் இன்னும் ஒரு மில்லிமீட்டரைப் பிரிக்கும். அந்த இடுக்கு பச்சையாக மாறினால் ஈரத்தில் வளரும் ஒரு பாக்டீரியா குடியேறியிருக்கிறது. பூஞ்சை மருந்து அதற்கு உதவாது.

10. பயப்பட வேண்டாதவை

வெள்ளைப் புள்ளி: பறக்கும் கொக்கைப் பார்த்து நகத்தை நகத்தோடு உரசி, "கொக்கே கொக்கே பூப் போடு" என்று கத்தியவர்களுக்கு இது புதிதில்லை. நகவேரில் பட்ட சின்ன அடியின் தழும்பு. கால்சியம் குறைவு கிடையாது.

நெடுக்கு வரிகள்: நரைபோல, வயதாகிறது. தேய்த்துச் சமப்படுத்தினால் நகம் மெலிந்து உடையும்.

11. வெட்டும் முறை

குளித்த பிறகு வெட்டுங்கள், நகம் மென்மையாக இருக்கும், தெறிக்காது. ஒரே கடியில் வெட்டாமல் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக, விரல்நுனியின் வளைவை ஒட்டி. வெள்ளை விளிம்பு ஒரு மில்லிமீட்டராவது இருக்கட்டும். மூலைகளைத் தோண்டாதீர்கள். சொரசொரப்பை அரத்தால் ஒரே திசையில் தேய்த்துவிட்டால் துணியில் மாட்டாது. அடித்தோலைத் தள்ளவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். கிளம்பி நிற்கும் தோலை இழுக்காமல் அடியோடு வெட்டுங்கள். இரவில் நகம் வெட்டாதே என்று பாட்டி சொன்னது விளக்கு மங்கலாக இருந்த காலத்துப் பேச்சு, நல்ல வெளிச்சத்தில் தாராளமாக வெட்டலாம்.

வீட்டுக்கு ஒரே நகவெட்டி என்பது நம் வழக்கம். சொத்தை நகம் உள்ளவருக்குத் தனியாக ஒன்று வாங்குங்கள்.

நகம் கடிக்கும் குழந்தைக்குக் கசப்பாக இருக்கட்டும் என்று வேப்பெண்ணெய் தடவுவதைப் பார்த்திருக்கிறேன். சிறு குழந்தைகள் வயிற்றுக்குள் வேப்பெண்ணெய் போவது ஆபத்து, வலிப்புவரை கொண்டுபோன சம்பவங்கள் உண்டு. நகத்தை ஒட்ட வெட்டி, கடிக்க விளிம்பே இல்லாமல் வைப்பது பாதுகாப்பானது.

12. ஒரு மாதம் கழித்து

முதல் படத்தை எடுத்த அதே ஜன்னலில், அதே ஸ்கேலுடன் மீண்டும் எடுங்கள். அடித்தோலை ஒட்டி 3 மில்லிமீட்டர் தெளிவான நகம் தெரிந்தால், நுனி எப்படி இருந்தாலும் செய்துகொண்டிருப்பதை அப்படியே தொடருங்கள். புதிதாக வந்ததும் பழையதைப் போலவே கெட்டிருந்தால் இரண்டு படங்களையும், பூசிய டியூப்களை உறையோடும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். டியூபின் பெயர் மறந்துவிட்டது, வெள்ளையாக இருந்தது என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லா டியூபும் வெள்ளைதான்.